சிரித்தவர்களுக்கு வாக்கு இல்லை

ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுகிற ஆளை வட இங்கிலாந்தில் எங்கள் சால்ஃபோர்டில் யாரும் இரண்டாவது தடவை பப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் ஐம்பத்தெட்டுப் பேரைத் தேடிப் பிடித்து, கால்வாய்க் கரையில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, ஆளுக்கொரு சுழல் நாற்காலியும் கழுத்தில் தொங்க ஓர் அட்டையும் கொடுத்து உட்கார வைத்தால், அதற்குப் பெயர் பிரிட்டிஷ் நகைச்சுவை ஏற்றுமதித் தெளிவுரை வாரியம். ஐம்பத்தொன்பதாவது ஆள் நான், கெய்னர் எண்ட்விசில். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன்.

பஸ்ஸை ஏன் விட்டாய் என்று என் தங்கை இன்றைக்கும் கேட்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மடக்கு சைக்கிளோடு ஒரு நெட்டை மனிதர் ஏறினார். கழுத்தில் பட்டுத்துணி. சைக்கிளை வழியில் குறுக்கே நிறுத்திவிட்டு, ஏறி இறங்கும் ஜனங்களைப் பொருட்காட்சி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“யோவ் வாஸக்! அந்த இரும்புக் கழுதையை ஓரமா வையி. பின்னாடி இருக்குறவங்க உன் தலை மேல ஏறியா இறங்குவாங்க?” என்று கத்தினேன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மன்னிக்கணும். ‘வாஸக்’னு சொன்னீங்களே, அதுக்குச் சரியான பொருள் என்ன?”

“முட்டாள்னு அர்த்தம். ஆனா கெட்ட முட்டாள் இல்ல. வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டீ குடுத்து அனுப்பலாம், அந்த அளவு முட்டாள்.”

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “மூணு பேராசிரியருங்க ஒன்றரை வருஷமா இதைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க,” என்றார். அவர்தான் பெரிக்ரின் ஆஷ்கோம்ப், வாரியத்தின் இயக்குநர். தெற்கே பெரிய பண்ணை வீட்டில் பிறந்தவர். எங்கள் பேச்சை அவர் கேட்பது, மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது மாதிரி இருக்கும்.

வாரியத்தின் வேலை இதுதான். எங்கள் நாட்டுச் சிரிப்புத் தொடர்கள் முப்பத்துநாலு நாடுகளுக்குப் போகின்றன. அங்கே இருப்பவர்களுக்கு எங்கள் கொச்சையும் புரியாது, எங்கள் கிண்டலும் புரியாது என்று யாரோ ஓர் அமைச்சர் கவலைப்பட்டிருக்கிறார். அதனால் ஒவ்வொரு ஜோக்குக்கும் திரையின் அடியில் ஒரு தெளிவுரை ஓடும். அதை எழுத வாரியம். வாரியத்தில் இருப்பவர்களுக்கே ஜோக் புரியாததால் அவர்களுக்கு விளக்க நான். என் பதவியின் பெயர் தாய்மொழிச் சான்றாளர், தற்காலிகம்.

“தற்காலிகம்ங்கறது சும்மா ஒரு சொல்,” என்றார் பெரிக்ரின். “ஆறு மாசத்துல நிரந்தரம். என் வார்த்தை.”

அந்த வார்த்தையை நம்பித்தான் டிப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐம்பத்துநாலு வயது. டிப்போவில் மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், கண் பார்வைச் சோதனையில் தேற மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆக, வாரியத்தில் நிரந்தரமானால் உண்டு, இல்லாவிட்டால் நடுத்தெரு. ஆறு மாசம் மூன்று வருஷம் ஆனது. கேட்கும்போதெல்லாம் “வசந்தத்துக்குள்ள” என்பார். எந்த வசந்தம் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்தது, விடுமுறைக்கு வண்டி வீடுகளில் போய்த் தங்கும் குடும்பங்களைப் பற்றிய ஒரு தொடர். அதில் ஒரு காட்சி. குடும்பம் ஒன்று மூன்று மணி நேரம் காரோட்டிக் கடற்கரைக்கு வருகிறது. மழை. யாரும் இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டு, மூடுபனி படிந்த கண்ணாடி வழியாகக் கடல் இருக்கும் திக்கைப் பார்க்கிறார்கள். அப்பா சொல்கிறார்: “காத்து வாங்கினா உடம்புக்கு எவ்வளவு நல்லது!” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் அப்பா அப்படியே இதைத்தான் சொல்வார், காருக்குள் உட்கார்ந்துகொண்டு.

சிரித்து முடித்து நிமிர்ந்தால் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பக்கத்து மேஜை லொரேன் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“கண்ணு, ஆய்வுக்குழுவுல சிரிக்கக் கூடாது. சிரிச்சா நீ பக்கச்சார்புள்ள ஆளாயிடுவ. சிரிச்சவங்களுக்கு வாக்கு இல்ல.”

“அப்போ யாருக்குத்தான் வாக்கு?”

“சிரிக்காதவங்களுக்கு.”

“அவங்களுக்குத்தான் புரியலையே!”

“அதனாலதான் நடுநிலையா இருக்காங்க,” என்றாள் லொரேன்.

லொரேன் கிளெக் பக்கத்து ஊர் ராச்டேல்காரி. வேலை நாட்களில் ஒரு நாளைக்கு ஆறு டீ. மூன்று நான் போடுவேன், மூன்று அவள் போடுவாள். என் டீயில் எவ்வளவு பால் என்று எனக்கு அடுத்தபடியாக உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். என் தங்கையைவிட அவளிடம் அதிகம் பேசியிருப்பேன். நம்பினேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கார்க் காட்சிக்குத் தெளிவுரை எழுத ஏழு கூட்டம் நடந்தது. காத்து வாங்குவது என்றால் என்ன, காருக்குள் காற்று உண்டா, முட்டை சாண்ட்விச் குறியீடா, மழை உண்மை மழையா என்றெல்லாம் ஆராய்ந்து எழுதியதில் தெளிவுரை திரையின் அடியிலிருந்து கிளம்பி அப்பாவின் மூக்குவரை ஏறிவிட்டது. கடைசியில் காரின் கூரையும் இரண்டு கடற்பறவைகளும் மட்டும் தெரிந்தன. அப்படியே முப்பத்துநாலு நாட்டுக்கும் அனுப்பினார்கள்.

பின்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹெல்வி என்று ஒரு பெண்மணி. அவர் எழுதியிருந்தது: “எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதாகச் சந்தேகிக்கிறேன். நாங்களும் ஏரிக்கரையில் இப்படித்தான் காருக்குள் உட்கார்ந்து காபி குடிப்போம். தயவுசெய்து எழுத்தை எடுத்துவிட்டால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வசதியாக இருக்கும்.”

எனக்கு மனசு நிறைந்துபோனது. பெரிக்ரினுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று மதியமே அவசரக் கூட்டம்.

“நண்பர்களே, நிலைமை கவலைக்குரியது,” என்று அவர் ஆரம்பித்தார். “ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தானாகவே புரிந்துகொண்டிருக்கிறார். இன்று பின்லாந்து. நாளை பெல்ஜியம். பார்வையாளர்கள் நம் உதவி இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தால், அது முறைப்படுத்தப்படாத சிரிப்பு. அதன் தரத்துக்கு யார் பொறுப்பு? நான் முப்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு முறைகூடத் தெளிவுரை படிக்காமல் சிரித்ததில்லை. படித்த பிறகும் அவசரப்பட்டதில்லை.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேலை நிரந்தரமாக வேண்டுமே! கூட்டத்தின் முடிவு: தெளிவுரை போதாததால்தான் அந்த அம்மாள் தானாகப் புரிந்துகொண்டார், ஆகவே இனி தெளிவுரைக்கும் ஒரு தெளிவுரை.

அதற்குப் பிறகு வந்ததுதான் ‘நெஷ்’ விவகாரம். தொடரில் ஓர் அம்மாள், கழுத்தில் மப்ளர் சுற்றிய கணவனை “நெஷ்” என்று திட்டுகிறாள். குளிர் தாங்காத தொட்டாச்சிணுங்கி என்று அர்த்தம். நான் அரை வரியில் எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் ஒரு முனைவர். அவருக்குப் போதவில்லை.

“எத்தனை டிகிரி குளிருல கோட் போட்டா ஒருத்தர் நெஷ், திருமதி எண்ட்விசில்?”

“டிகிரி எல்லாம் இல்லங்க. பக்கத்துல நிக்கறவன் போடாதப்ப நீ போட்டா, நீ நெஷ்.”

“இது அளவிடத் தக்கதா?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எங்க ஆளுங்களை நிக்க வெச்சுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டேன். ஜனவரி மாதம், கால்வாய்க் கரை, காலை ஒன்பது மணி. வாரியத்தில் இருந்த வட இங்கிலாந்துக்காரர்கள் பதினைந்து பேரைச் சட்டையோடு வரிசையில் நிற்க வைத்தார்கள். கோட்டுகள் எதிரே கொடியில் தொங்கின. யார் முதலில் போய்க் கோட்டை எடுக்கிறாரோ, அந்த நிமிஷத்துக் குளிர்தான் அளவு.

யார் எடுப்பார்கள்? எங்கள் லங்காஷயர் பக்கம் பிறந்தவன் செத்தாலும் முதலில் எடுக்க மாட்டான். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. “இன்னிக்குக் கொஞ்சம் இதமா இருக்குல்ல?” என்றான் கடிதப் பிரிவு ஸ்டான். அவன் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. “மே மாசம் மாதிரி இருக்கு,” என்றேன் நான். பல் கிட்டியதில் பாதிச் சொல்தான் வெளியே வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஸ்டான் மரம் சாய்வது போல் சாய்ந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. “உங்களுக்கு வீண் சிரமம் குடுத்துட்டேன், ஸாரி,” என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனான்.

இத்தனை நேரமும் பெரிக்ரின் கண்ணாடிக்கு உள்ளே, கம்பளிக் கோட்டும் ரோமத் தொப்பியும் போட்டுக்கொண்டு, வெந்நீர்ப் பையை மடியில் அணைத்தபடி எங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அச்சான தெளிவுரை: “நெஷ்: இச்சொல் குறிக்கும் நபர் ஆய்வில் கிடைக்கவில்லை.”

இதையெல்லாம் ஏன் சகித்தாய் என்றால், சொல்கிறேன். மூன்றாம் வருஷம் பனிக்கால முடிவில் பெரிக்ரின் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

“கெய்னர், உங்க தலைக்குள்ள இருக்குறது ஒரு தேசியச் சொத்து. அது ஒரு பஸ் மாதிரி ஓடிப் போயிடக் கூடாது. தெரிஞ்ச அத்தனை கொச்சையும், கிண்டலும், பழக்கமும், எதுக்கு எப்போ சிரிப்போம்ங்கறதும், எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதிக் குடுங்க. அது முடிஞ்சா நிரந்தரம் பத்தி யாரும் வாய் திறக்க முடியாது.”

“எழுத்துல குடுப்பீங்களா, பெரிக்ரின்?”

“நமக்குள்ள எழுத்து எதுக்கு?” என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்று மாசம் எழுதினேன். பஸ்ஸில் கேட்டது, மீன் கடை வரிசையில் கேட்டது, அப்பா மரணப் படுக்கையில் நர்ஸிடம் அடித்த கிண்டல், என் கல்யாணத்தன்று மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னது, எதையும் விடவில்லை. அப்பா சொன்னதை எழுதும்போது மட்டும் கை நின்றது. அது வீட்டுக்குள் இருக்க வேண்டியது. ஆனாலும் எழுதினேன். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள். லொரேன் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்தாள். அப்பாவின் பதிவில் அவள் விசும்பினாள். அன்று மூன்று டீக்குப் பதிலாக நான்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் காகிதக் கட்டை அப்படியே பெரிக்ரின் மேஜையில் வைத்தேன். தூக்கி எடை பார்த்தார். “அடுத்த வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்ட அறையில உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசப் போறேன்,” என்றார். “நல்ல ப்ளவுஸ் போட்டுட்டு வாங்க.”

தங்கைக்குப் போன் போட்டேன். “சொன்னேன்ல! நிரந்தரம்டி!” என்று கத்தினேன். பச்சை நிறத்தில் புது ப்ளவுஸ் வாங்கினேன்.

அந்த வாரம் புதன்கிழமை பழுப்பு உறை வந்தது. எங்கள் ஊர் அலுவலகங்களில் யாராவது வேலையை விட்டுப் போனால் ஒரு வாழ்த்து அட்டையை உறையில் போட்டு மேஜை மேஜையாக அனுப்புவோம். உறை மேல் எல்லார் பெயரும் இருக்கும். உள்ளே நாலு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். யாருக்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் இத்தனை நாள் கூட வேலை செய்தவரைத் தெரியவில்லை என்று ஆகிவிடும். அதைவிட வெட்கக்கேடு கிடையாது. அதனால் யாருமே கேட்பதில்லை. அட்டையைத் திறந்து, பெயர் போட்ட முகப்பு தெரியாதபடி மடித்து வைத்திருப்பார்கள், எழுதுவோம், தள்ளுவோம். அந்த வருஷம் வாரத்துக்கு ஓர் உறை வந்துகொண்டிருந்தது, போனவர் நாற்காலியில் மறுநாளே புது ஆள்.

நான் வழக்கமாக எழுதுவதையே எழுதினேன். பிடித்தவர்களைத் திட்டுவதுதான் எங்கள் வழக்கம். “போய்த் தொலை! உன் மூஞ்சியை இத்தனை நாள் எப்படித்தான் தாங்கினோமோ. இனிமேலாவது நிம்மதி. அன்புடன், கெய்னர்.” கோடு கிழித்தேன். உறையை லொரேனிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கித் தன் மேஜையில் வைத்தாள்.

“கேக் கேரட்ல நல்லாருக்குமா, எலுமிச்சையில நல்லாருக்குமா கண்ணு?”

“எலுமிச்சைதான். கேரட் எல்லாம் கேக்கா? அது குழம்பு.”

அவள் சிரிக்கவில்லை. கழிவறைக்குப் போய் வெகு நேரம் கழித்து வந்தாள். தலைவலியாக்கும் என்று நானே எழுந்துபோய் டீ போட்டு வந்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கூட்ட அறையில் ஐம்பத்தெட்டுப் பேரும் காகிதத் தட்டோடு நின்றார்கள். பின்லாந்திலிருந்து ஆறு பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். பிரிட்டிஷ் அலுவலகப் பழக்கம் ஒன்றை அவர்களுக்கு நேரடியாகக் காட்டுவது வாரியத்தின் ஏற்பாடு. அதில் கடிதம் எழுதிய ஹெல்வியும் இருந்தார். கறுப்புக் கோட்டு, அறுபது வயதிருக்கும், அகன்ற முகம். அவருக்குப் பக்கத்தில் நின்று, விழா நடக்க நடக்க விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

“இது வழியனுப்பு விழா,” என்றேன். “இப்போ இயக்குநர் பேசுவாரு. போறவங்க பேரை ஒரு தடவையாவது தப்பா சொல்லுவாரு. எல்லாரும் தரையைப் பார்ப்போம். அப்புறம் அட்டை, அப்புறம் கேக்.”

“யார் போறாங்க?” என்றார் ஹெல்வி.

“தெரியாதுங்க. கேக்கறது மரியாதை இல்ல. அதுக்கப்புறம் என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாரு. எனக்கு வேலை நிரந்தரமாகுது.”

“ரொம்ப சந்தோஷம்,” என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் என் சந்தோஷத்தைச் சொன்னவுடன் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

பெரிக்ரின் தொண்டையைச் செருமினார். “நண்பர்களே! இன்று நம்மிடமிருந்து விடைபெறுகிறவர், நம் எல்லாருக்கும் பிரியமான கெய்னா.”

நான் கைதட்டினேன். யார் அந்தக் கெய்னா என்று எட்டியும் பார்த்தேன். என் முன்னால் நின்றவர்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். பெரிக்ரின் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“நான் இவருக்கு நிரந்தரம் தருவதாக வாக்களித்திருந்தேன். நான் வாக்குத் தவறாதவன்.” தோல் அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். என் ஆயிரத்து நூற்று நாற்பது. “இதோ. இனி கெய்னா நம்மோடு என்றென்றும் இருப்பார், இரண்டாம் மாடி நூலக அலமாரியில். விடுப்புக் கேட்க மாட்டார், குழுவில் சிரிக்க மாட்டார். ஒரு மனிதரை இதைவிட நிரந்தரமாக்க எந்த நிறுவனத்தால் முடியும்? இவருடைய ஒப்பந்தம் இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது என்பதை வருத்தத்துடன், ஓரளவு பெருமிதத்துடனும், தெரிவித்துக்கொள்கிறேன்.”

கைதட்டல். நான் பக்கத்தில் இருந்த நிர்வாகப் பிரிவுப் பெண்ணைப் பார்த்தேன்.

“உங்களுக்குப் பெரிக்ரின் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்,” என்று முணுமுணுத்தாள்.

“நான் லொரேன் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்,” என்றார் பெரிக்ரின். “ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கறீங்களே.”

லொரேன் அட்டையை என் கையில் வைத்தாள். அட்டையின் முகப்பில் பூவும் வாத்தும் போட்டு, மேலே பெரிய எழுத்தில் என் பெயர். திறந்தேன். ஐம்பத்தெட்டுப் பேர் கையெழுத்து. அவற்றுக்கு நடுவில், கொஞ்சம் சாய்வாக, என் கையெழுத்திலேயே: போய்த் தொலை, உன் மூஞ்சியை இத்தனை நாள் எப்படித்தான் தாங்கினோமோ.

யாரோ எட்டிப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அந்த வாரியம் தெளிவுரை இல்லாமல் சிரித்த முதல் ஜோக் நான்தான்.

“இது உனக்கு எத்தனை நாளா தெரியும், லொரேன்?” என்று கேட்டேன்.

“ஆறு வாரமா தெரியும், கண்ணு.”

“நான் அப்பாவைப் பத்தி எழுதினப்பவே தெரியுமா?”

“உறையில உன் பேரும் இருந்துச்சு,” என்றாள். “உன்னைத் தாண்டிப் போனா உனக்குத் தெரிஞ்சிடும்ல. அது நல்லாருக்காதேன்னுதான்...”

நல்லாருக்காதாம்! இருபத்திரண்டு வருஷத்தில் குடிகாரர்கள் என் பஸ்ஸில் வாந்தி எடுத்திருக்கிறார்கள், கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள், ஒருத்தன் செருப்பைக் கழற்றி எறிந்தான். யாரும் என்னைக் கையெழுத்துப் போட வைத்து, கேக் எது பிடிக்கும் என்று கேட்டுக் கழுத்தை அறுத்ததில்லை.

பெரிக்ரின் என் தோளுக்கு மேல் குனிந்தார். “கெய்னர், நம்ம விருந்தாளி குழம்பிப்போய் நிக்கறாங்க பாருங்க. இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் விளக்கிடுங்களேன். அஞ்சு மணி வரைக்கும் நீங்கதானே.”

விளக்கினேன். அதுதானே என் வேலை. ஹெல்வியிடம் திரும்பி, போறது நான்தான் என்றேன். அட்டையைக் கொடுத்த சிநேகிதிக்கு ஆறு வாரமாகத் தெரியும், எனக்கு இப்போதுதான் தெரியும் என்றேன். அட்டையில் எனக்கு நானே எழுதிய வரியைக் காட்டினேன். சொல்லச் சொல்ல என் குரல் செய்தி வாசிக்கிற மாதிரி சீராக வந்தது. எனக்கே அது அருவருப்பாக இருந்தது.

ஹெல்வி முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை, குறிப்பெடுக்கவில்லை.

“எல்லாம் புரியுது,” என்றார். “ஒண்ணுதான் புரியல. நீங்க ஏன் கத்தல?”

வாயைத் திறந்தேன். சத்தியமாகக் கத்தத்தான் திறந்தேன். அறை முழுவதும் காகிதத் தட்டோடு காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து லொரேன் ஒரு தட்டை என் முன்னால் நீட்டினாள். எலுமிச்சை கேக், ஓரத் துண்டு, எனக்குப் பிடித்த மொறுமொறு சர்க்கரையோடு. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“தேங்க்ஸ் கண்ணு. உனக்கு வீண் சிரமம்.”

ஹெல்வி என்னைப் பார்த்தார். லொரேனைப் பார்த்தார். தன் கையிலிருந்த தட்டை மேஜையில் டக்கென்று வைத்தார். பிறகு பெரிக்ரினுக்கு நேரே போய் நின்று கத்த ஆரம்பித்தார். பின்னிஷ் மொழியில், அடிவயிற்றிலிருந்து, மூச்சு விடாமல். அந்தப் பூவும் வாத்தும் போட்ட அட்டையை என் கையிலிருந்து பிடுங்கி பெரிக்ரின் மூக்குக்கு நேரே ஆட்டினார். புத்தகத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார், கேக்கைக் காட்டினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஸ்டான் மட்டும் நிமிர்ந்து ஹெல்வியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிக்ரின் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டார். அங்கிருந்தே என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“கெய்னர்! இவங்க என்ன சொல்றாங்க?”

எனக்கு பின்னிஷில் ஒரு சொல் தெரியாது.

“நான் சொல்ல வேண்டியதைச் சொல்றாங்க,” என்றேன். கேக் தட்டை லொரேன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்று கடைசிவரை கேட்டேன்.